பை நிறையட்டும்

சிறுநீர்க் குழாய் போட்டுப் படுத்திருப்பவருக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டுமாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் இதுதான் வைத்தியம். “தண்ணி குடிச்சா பை சீக்கிரம் ரொம்பிரும், யாரு ஊத்துறது?” காலையில் ஃபயர் ஆபீஸ் (பட்டாசு ஆலை) வண்டி ஏறிச் சாயங்காலம் திரும்பும் மருமகள் கேட்கிறாள். கேள்வி நியாயமானது. அதற்கு வீடு கண்டுபிடித்திருக்கும் பதில்தான் ஆளைக் கொல்லும்.

கணக்கைப் பார்ப்போம். கடையில் விற்கும் யூரோ பேக் 2 லிட்டர் பிடிக்கும். நாளைக்கு 2 லிட்டர் குடித்தாலும், வேர்வை போக, 24 மணி நேரத்தில் பைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, படுக்குமுன் ஒரு தடவை ஊற்றினால் தீர்ந்தது. இதற்கா செம்பைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போவது, அதுவும் இந்த மாவட்டத்துச் சித்திரை வெயிலில்?

மாதக்கணக்கில் குழாய் இருந்தால் சிறுநீரில் கிருமி சேர்ந்தே தீரும். கலங்கலாக வந்ததுமே மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது தனி மடமை. காய்ச்சலோ குளிரோ வந்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். அந்தக் கிருமிகளில் புரோட்டியஸ் என்றொரு வகை, யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. சிறுநீர் காரமாகி, மெக்னீசிய, கால்சிய உப்புகள் படிந்து, உப்புத்தண்ணீர் ஓடும் போர் பைப்பைப் போலக் குழாய் தூர்ந்துபோகும். தண்ணீர் குறைந்து சிறுநீர் கெட்டியாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் குடித்தால் உப்புப் படிவது தள்ளிப்போகும் என்று காட்டியது கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டிக்லர் குழு. எலுமிச்சைக்கு நம்மிடம் பஞ்சமா?

அடைத்த பிறகு பை காலியாகக் கிடக்கும், படுக்கை நனையும். அடைத்திருப்பது தெரியாமல், “குழாய் சின்னது, பெருசாப் போடுங்க” என்பார்கள். முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவருக்கு அந்த அடைப்பே ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றி உயிரையே குடிக்கலாம். எனவே தண்ணீரைக் குறைக்க வேண்டாம்; இதயமோ சிறுநீரகமோ கெட்டவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்குக் குடிக்கட்டும்.

மருமகளைத் திட்டிப் பயனில்லை. மாத்திரைக்கு வேளை எழுதித்தரும் டிஸ்சார்ஜ் சீட்டு, தண்ணீருக்கு அளவு சொல்வதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. வருகிற நர்சம்மா முதலில் பையைப் பார்த்து, “ஏன் இவ்வளவு கம்மி?” என்று கேட்கட்டும். பிரஷர் அப்புறம் பார்க்கலாம்.