கிழட்டுக் காரிலும் குலபேதமா?



"வீட்டிலே நான்கு கார்கள், பழையவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது?" என்று ஏங்கும் சீமான்கள் இந்நாட்டில் உண்டு. ஏங்கட்டும்! சிவகிரிப் பக்கம் வந்து பாருங்கள். புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை மூட்டை, தென்காசி மருத்துவமனைக்குப் பிள்ளைத்தாய்ச்சி, சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் குடும்பம். அத்தனைக்கும் ஒரே கார், அதுவும் பழைய கார். எதை விற்பதென்ற விசாரம் அந்த வீட்டில் எழ வழியேது?

15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் இருந்தது. 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினர். 20 ஆண்டு கடந்ததற்கு 2025 ஆகஸ்டில் 10,000! அந்தப் பதிவு நிற்பதோ ஐந்தே ஆண்டு.

சீமானின் கொட்டகையில் 50 ஆண்டு தாண்டி நிற்கும் காருக்கோ 2021 விதி தனி மரியாதை தருகிறது. முதற்பதிவு 20,000, பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 போதும். அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது என்பது உண்மைதான். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் போகலாம். உழைக்கும் கிழவனுக்குத் தண்டம், அலங்காரக் கிழவனுக்கு ஆரத்தி!

புகைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. புகையை அளக்கக் கருவி உண்டு. தேறாத வண்டி போகட்டும். தேறியதற்கும் வயதைக் காட்டி வசூலா? ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. சிவகிரியும் ஜமீனாக இருந்த ஊர்தான்.

சோதனையில் தேறிய ஒற்றைக் காருக்குப் பழைய 600 ரூபாயே போதுமெனக் கேட்போம். நான்கு வைத்திருப்போர் நான்காவதற்குக் கூடுதலாகக் கட்டட்டும். எதை விற்பதென்ற ஏக்கமும் அவர்களுக்குத் தீரும்.