தொழிலாளியின் சம்மதத்தைக் கேட்காத தரவுச் சட்டம்

கழக்கூட்டத்தில் 1990இல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் தோற்றுவிக்கப்பட்ட டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அங்குள்ள நிறுவனங்கள் பல, அயல்நாட்டாரின் தரவுகளைக் கையாள்கின்றன. ஓர் ஐரோப்பியரின் பெயரையும் முகவரியையும் எவ்வளவு விழிப்புடன் காக்க வேண்டும் என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 முதல் வரையறுக்கிறது. அவற்றைக் காக்கும் கழக்கூட்டத்துத் தொழிலாளியின் சொந்தத் தரவை யார் காப்பது?

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் பின் வந்ததுதான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவுக்கு உரியவரை அச்சட்டம் 'முதன்மையர்' என்கிறது. தரவைத் திரட்டும் நிறுவனத்தை 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொற்களைத் தமிழாக்கும்போது சிரிப்பு வந்தது. ஏனெனில் 7ஆம் பிரிவின்படி, வேலைவாய்ப்புத் தேவைக்காகவும் தனக்கு நட்டம் நேராமல் காத்துக்கொள்ளவும் முதலாளி தொழிலாளியின் தரவைச் சம்மதமின்றியே பயன்படுத்தலாம். எது தேவை, எது நட்டம் என்பதை முதலில் தீர்மானிப்பவர் முதலாளியே. ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கோ 17ஆம் பிரிவு முழு விலக்கையே அளிக்க இடம் தருகிறது.

தவறிழைத்த நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும்; பாதிக்கப்பட்டவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழிசெய்த 43ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டமே வகை செய்கிறது. அற்பப் புகார் என்று கருதப்பட்டால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்!

இவ்விடத்தில் நம் பக்கமும் திரும்பிப் பார்த்தாக வேண்டும். 2020 ஏப்ரலில், கொரோனா நோய்த்தடுப்புக்கென மக்களிடம் திரட்டிய உடல்நலத் தரவுகளைத் தொகுக்கும் பணியைக் கேரள அரசு ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சட்டத்துறையின் கருத்து கேட்கப்படவில்லை. வழக்கு எழுந்தால் நியூயார்க் நீதிமன்றமே விசாரிக்கும் என்பது நிபந்தனை. தரவுக்கு உரியவரின் அடையாளத்தை நீக்கிய பின்னரே நிறுவனத்துக்குத் தர வேண்டும், மக்களிடம் எடுத்துச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்று உயர்நீதிமன்றம் ஏப்ரல் 24 அன்று ஆணையிட்டது. அவசரகாலம் என்பது உண்மைதான். மோடி அரசும் அதே நாட்களில் ஆரோக்கிய சேது செயலியைத் தொழிலாளர்மீது கட்டாயமாக்கியது. அதைச் சுட்டிக்காட்டி நம் தவறை மறைப்பது அரசியல் நேர்மையாகாது. நீதிமன்றம் சொன்னதை நாமே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது, நிறுவனங்களின் முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை வெட்டும் திருத்தத்துக்கு ஒரு நாள் அவகாசமும் இல்லை. நூறு நாள் வேலையில் யார் பெயரில் கூலி எடுக்கப்பட்டது என்று கேட்கும் கிராமத்துத் தோழரிடம், 'தனிநபர் தகவல்' என்று சொல்லிக் கதவடைக்க அதிகாரிக்கு வழி கிடைத்துவிட்டது. அத்திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும். இழப்பீட்டு உரிமை நிலைநிறுத்தப்பட வேண்டும். வேலையளிப்போருக்கான விலக்கு நீக்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகளைத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்களும் ஊரக வேலைத் தொழிலாளர் சங்கங்களும் ஒரே மேடையில் எழுப்ப, நமது மாவட்டக் குழுக்கள் உடனே முயல வேண்டும்.