ஒரு நாள் தவறினால் எல்லாம் பூஜ்ஜியமா?



எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கல்லூரியில் பயில்கிறார். சென்ற ஆண்டு அவர் திடீரெனச் சுபுஹுத் தொழுகைக்கு முதல் ஸஃப்பில் நிற்கத் தொடங்கினார். தொழுகை முடிந்ததும் திடலுக்கு ஓடுவார். வலீமா விருந்தில் பிரியாணியை விலக்கி, முட்டையும் வெள்ளரிக்காயும் மட்டும் உண்பார். என்னவென்று விசாரித்தேன். "75 ஹார்ட் செய்கிறேன் ஹஜ்ரத்" என்றார்.

அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்டி ஃபிரிசெல்லா 2019இல் அறிமுகப்படுத்திய சவால் அது. 75 நாட்கள், நாள்தோறும் 45 நிமிட உடற்பயிற்சி இருமுறை. அவற்றுள் ஒன்று திறந்த வெளியில். தானே தேர்ந்துகொண்ட உணவுக் கட்டுப்பாடு; மது அறவே கூடாது. ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர் தண்ணீர். பயனுள்ள நூலில் 10 பக்கம். உடலின் மாற்றத்தைக் காட்டும் ஒரு புகைப்படம். இவற்றுள் ஒன்றேனும் ஒரு நாள் தவறினால் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

41ஆம் நாள் இரவு அம்மாணவரின் அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, விடியும்வரை வராந்தாவில் அமர்ந்திருந்தார். அல்லாஹ்வின் கிருபையால் தந்தை நலமடைந்தார். ஆனால் அன்று இரண்டாம் பயிற்சியும் பத்துப் பக்க வாசிப்பும் விடுபட்டுவிட்டன. கணக்கு பூஜ்ஜியமாயிற்று. மீண்டும் தொடங்க மனம் வரவில்லை. ஓட்டம் நின்றது, அதனுடன் சேர்ந்து சுபுஹுக்கு வருவதும் நின்றது. இரண்டு வாரம் கழித்துக் கடைத்தெருவில் என்னைக் கண்டபோது தலைகுனிந்து நின்றார். "நான் எதற்கும் லாயக்கில்லை ஹஜ்ரத்" என்றார்.

அச்சொல்தான் இக்கட்டுரையை எழுதச் செய்தது.

உடலைப் பேணுவது மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. வலிமையான முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானவர், எனினும் இருவரிடமும் நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் அறிவிக்கிறது. நாள் முழுதும் அமர்ந்தே ஓதிக் கொடுத்து, அழைக்கும் விருந்துகளில் எல்லாம் மறுக்காமல் உண்டு, இரண்டாம் மாடிக்கு ஏறினால் மூச்சிரைக்கும் என்னைப் போன்றோர் இந்த இளைஞர்களைப் பார்த்து நாணத்தான் வேண்டும். ஆகவே என் மறுப்பு பயிற்சியின் மீதன்று; தவறினால் எல்லாம் பூஜ்ஜியம் என்னும் விதியின் மீது.

அத்தகைய விதி ஷரீஅத்தில் இல்லாமல் இல்லை. தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவர், விடுதலை செய்ய அடிமை கிடைக்காவிட்டால், இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். காரணமின்றி இடையில் ஒன்றை விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அங்கும்கூடப் பெண்ணின் மாதவிலக்கு அத்தொடரை முறிப்பதில்லை. ஆனால் அது கஃப்பாரா, குற்றத்துக்கான பரிகாரம். அன்றாட அமல்களுக்கு அல்லாஹ் வகுத்த முறை வேறு. ரமளானில் நோயினாலோ பயணத்தினாலோ ஒரு நோன்பு விடுபட்டால், பின்னர் ஒரு நோன்பைக் களா செய்கிறோம். நோற்ற மற்ற நோன்புகள் அழிந்துவிடுவதில்லை. இரவில் வழக்கமாக ஓதும் பகுதியை உறக்கத்தால் தவறவிட்டவர் அதைச் சுபுஹுக்கும் ளுஹருக்கும் இடையில் ஓதினால் இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்னும் கருத்தில் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. நோயாளிக்கும் பயணிக்கும், அவர்கள் நலமாக ஊரில் இருந்தபோது செய்து வந்த அமலின் கூலி அப்படியே எழுதப்படும் என்கிறது புகாரியில் உள்ள ஹதீஸ்.

இப்போது அந்த 41ஆம் நாளைப் பாருங்கள். ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம் பெற்றோர் உயிருடன் இருப்பதைக் கேட்டறிந்து, அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் பாடுபடுமாறு நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அந்த அளவுகோலின்படி, அம்மாணவரின் 41 நாட்களில் மிகச் சிறந்த நாள் தந்தையின் அருகில் விழித்திருந்த நாள்தான். சவாலின் ஏட்டில் அந்த நாளுக்குத்தான் பூஜ்ஜியம். கடமையைச் செய்த மகனைத் தோல்வியாளனாகக் காட்டும் கணக்கேட்டை நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாமா?

"கடினமான விதி இருந்தால்தானே ஹஜ்ரத் மனம் வலுப்பெறும்?" என்று கேட்பீர்கள். சவாலை உருவாக்கியவரும் அதை உடற்பயிற்சித் திட்டம் என்பதைவிட மனவலிமைப் பயிற்சி என்றே சொல்கிறார். இக்கேள்விக்கு அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வாழ்வில் விடை இருக்கிறது. இளமையில் அவர்கள் நாள்தோறும் நோன்பு நோற்று, இரவு முழுதும் தொழுதார்கள். உடலுக்கும், கண்ணுக்கும், மனைவிக்கும், விருந்தினருக்கும் உன்மீது உரிமை உண்டு என நபி (ஸல்) அவர்கள் உணர்த்தி, மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள். என்னால் இன்னும் முடியும் என்று இவர்கள் கேட்டுக்கொண்டே போக, ஒருநாள் விட்டு ஒருநாள் என்னும் தாவூத் நபியின் நோன்பில் வந்து நின்றது. முதுமையில், அன்று அச்சலுகையை ஏற்றிருக்கலாமே என்று வருந்தினார்கள். ஆயினும் அமலைக் கைவிடவில்லை. உடல் தளர்ந்தபோது சில நாட்கள் நோன்பை விட்டு, விட்ட நாட்களை எண்ணி வைத்துப் பின்னர் அத்தனையையும் நோற்றார்கள். மனவலிமை என்பது இதுவல்லவா? முறிந்த இடத்திலிருந்தே தொடர்வது, முறிந்ததற்காக எல்லாவற்றையும் எறிவதைவிடக் கடினமானது.

இளைஞர்களுக்குச் சில யோசனைகள். அளவைக் குறையுங்கள், நாட்களைக் கூட்டுங்கள். குறைவாயினும் நிலையான அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்பதை மக்தபிலேயே ஓதியிருக்கிறீர்கள். சுபுஹுக்குப் பின் அரைமணி நேர நடை, மாலையில் சிறிது பயிற்சி, உறங்குமுன் சில பக்கங்கள். விடுபட்டால் மறுநாள் களா செய்யுங்கள். சுபுஹை ஒருபோதும் சவாலின் உறுப்பாக்காதீர்கள். சவால் விழுந்தாலும் தொழுகை நிற்க வேண்டும். படம் எடுத்தே ஆக வேண்டுமெனில் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட அவ்ரத்தை மறைத்து, உங்களுடனேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊராருக்குக் காட்டத் தொடங்கினால் நிய்யத் இடம் மாறிவிடும். சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தண்ணீரின் அளவைக் கூட்ட வேண்டாம்.

சகோதரிகளுக்கு ஒரு சொல். மாதவிலக்கில் தொழுகையையே அல்லாஹ் உங்கள்மீதிருந்து நீக்கியிருக்கிறான். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பில் சலுகை தந்திருக்கிறான். விடுப்பே இல்லாத ஓர் அட்டவணைக்குள் உங்களை அடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெற்றோர்களே, பிரியாணியை மறுக்கும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். ஒழுங்குக்கு ஏங்கும் உள்ளம் அல்லாஹ் தந்த அருட்கொடை. அந்த ஏக்கத்துக்கு நாம் வடிவம் கொடுக்காததால்தான் அவர்கள் அதைத் தொலைவில் தேடுகிறார்கள். தவறிய தொழுகைக்குத் திட்டத் தெரிந்த நமக்கு, திரும்பி வந்தவனைத் தட்டிக்கொடுக்கத் தெரியவில்லை.

அன்று கடைத்தெருவில் அம்மாணவரிடம் நான் நீண்ட உபதேசம் எதுவும் செய்யவில்லை. "தம்பி, நாளை உனக்கு முதல் நாள் அல்ல, 42ஆம் நாள்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் வரவில்லை. நான்காம் நாள் சுபுஹுக்கு வந்தார், கடைசி ஸஃப்பில். இப்போது தந்தையின் நடைக்குத் துணையாக அவரும் மெதுவாக நடக்கிறார்.

நம் உடலையும் ஈமானையும் வலுப்படுத்தி, சிறிய அமல்களில் நிலைத்திருக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.