மாரியும் மாணவரும்

கல்முனைக் கரையோரத்தில் குளிர்காலம் என்றால் அது மாரிதான். ஐப்பசியில் தொடங்கித் தை வரை மழை. அறபுக் கல்லூரி விடுதிகளில் அந்நாட்களிலும் சுபஹுக்கு முன்னர் எழுந்து ஓத வேண்டும். காயாத உடுப்போடு பாடத்தில் அமர வேண்டும். மழை கடுமையானால் விடுமுறை. பிள்ளைகள் ஊருக்குப் புறப்படுவர்.

2024 நவம்பர் 26ஆம் திகதி நிந்தவூரில் ஓதிய சம்மாந்துறைப் பிள்ளைகளும் அப்படித்தான் புறப்பட்டனர். காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவியிருந்தது. அவர்கள் ஏறிய உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர் அறுவர் உட்பட எண்மர் மௌத்தாயினர்.

மறுநாள் முதல் க.பொ.த. உயர்தரப் பரீட்சை நாடெங்கும் இடைநிறுத்தப்பட்டது. டிசம்பர் 4ஆம் திகதியே மீண்டும் தொடங்கியது. ஒரு தேசியப் பரீட்சையையே நிறுத்த முடிந்த நாட்டில், வெள்ளம் பாயும் ஒரு வீதியை முதல் நாளே மூட முடியாமற் போனது ஏன்?

பின்னர் சிலர் கைது செய்யப்பட்டனர். கைதுகள் அடுத்த மாரிக்கு மருந்தாகா. வயல்வெளியை ஊடறுக்கும் அவ்வீதி மூழ்கும் என்பதை இப்பகுதியில் அறியாதார் இல்லை. வீதியில் நீரேறியதும் உழவு இயந்திரம் உட்பட எவ்வாகனத்தையும் பொலிஸார் விடலாகாது. ஒவ்வொரு விடுதியும் ஐப்பசிக்கு முன்னரே பத்து நாளைக்குரிய அரிசியும் விறகும் சேமித்து, வெள்ளம் வடியும் வரை பிள்ளைகளைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். விடுமுறை அறிவித்ததோடு நிர்வாகத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பிள்ளை தன் வீட்டு வாசற்படியை மிதிக்கும் வரை அது அமானிதம்.