பயத்தை விற்றவர்களுக்கு ஒரு வக்காலத்து

பள்ளிக்கூடங்களை நிறுவன ஒழுங்குக்குள் கொண்டுவந்தால் கல்வி உருப்பட்டுவிடும் என்று எழுதியிருக்கும் கட்டுரையாளர் மூன்று வாதங்களை வைக்கிறார்: இணையம் கல்வியை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது, பொறுப்புக்கூறல் சந்தையில்தான் உண்டு, விழுமியங்களை வீடு பார்த்துக்கொள்ளும் என்பதால் நிறுவனம் திறனைக் கொடுத்தால் போதும். மூன்றையும் தட்டிப் பார்ப்போம்.

பொதுவாக்கிவிட்டதாம். யார் வீட்டில்? பெருந்தொற்றுக் காலத்தில், அப்பா வேலைக்குக் கைப்பேசியை எடுத்துச் சென்ற நொடியே பிள்ளைகளின் வகுப்பும் முடிந்துபோன வீடுகள் அவர் கண்ணில் படவே இல்லையா? அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது நம்பியது, மாலை நேரத்தில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்த தன்னார்வலர்களைத்தான்.

அடுத்தது பொறுப்புக்கூறல். 2022இல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸை எடுத்துக்கொள்வோம். அந்த அக்டோபரில் 2,500 ஊழியர்களை வெளியேற்றப்போவதாக அறிவித்துவிட்டு, அடுத்த மாதமே லியோனல் மெஸ்ஸியை விளம்பரத் தூதராக்கியது. டிசம்பரில், பாடத்திட்டங்களைப் பெற்றோர் தலையில் கட்டும் விதம் குறித்து விளக்கம் கேட்டுக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் அழைப்பாணை அனுப்பியது. நிதியறிக்கை தாமதமாவதைச் சுட்டிக்காட்டி 2023இல் தணிக்கையாளரான டெலாய்ட் விலகியது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நிறுவனத்துக்குத் தன் கணக்கை நேரத்துக்குக் காட்ட முடியவில்லை! 2024 ஜூலையில் அதைத் திவால் நடைமுறைக்குள் தள்ளியது, கிரிக்கெட் வாரியத்துக்கு வைத்திருந்த சுமார் 158 கோடி ரூபாய் விளம்பரதாரர் பாக்கி. இதுதான் அவர் நம் பள்ளிகளுக்குப் பரிந்துரைக்கும் ஒழுங்கா?

விழுமியங்களை வீடு பார்த்துக்கொள்ளும் என்பவர், விளம்பரம் போய் உட்காரும் இடமே வீடுதான் என்பதை வசதியாக மறக்கிறார். 2020இல் பைஜூஸ் 30 கோடி டாலருக்கு வாங்கிய, பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தந்த வைட்ஹேட் ஜூனியரின் விளம்பரங்களில் உல்ஃப் குப்தா என்றொரு சிறுவன் வந்தான். கூகுளில் கோடிகளில் சம்பளம் என்றார்கள். விளம்பரத்துக்கு விளம்பரம் வயதும் சம்பளமும் மாறின. அப்படியொரு பையனே இல்லை. நிரல் எழுதத் தெரியாத தன் பிள்ளை பின்தங்கிவிட்டதோ என்று ஒரு தாயைக் கலங்க வைப்பது திறன் வளர்ப்பா, பணம் பறிப்பா? இந்த விளம்பரங்களைக் கேள்வி கேட்ட ஒரு பொறியாளர்மீது 20 கோடி ரூபாய்க்கு மானநஷ்ட வழக்குப் போட்டவர்கள், எந்த விழுமியத்தைக் கற்பித்தார்கள்?

அரசுப் பள்ளி ஆசிரியர் தாமதமாக வந்தால் ஒரு பத்தி முழுக்கக் கொதிக்கும் கட்டுரையாளர், கடன் வாங்கிப் பாடத்திட்டம் வாங்கித் தவணையில் சிக்கிய பெற்றோரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம் எளிது: அரசுப் பள்ளியின்மீது நம்பிக்கை போனால்தானே இந்த வணிகத்துக்கு வாடிக்கையாளர் கிடைப்பார்? பயம் தெளிந்த பெற்றோர் எதையும் தவணையில் வாங்க மாட்டார்கள். ஆகவே பயத்தை வளர்ப்பது இந்த வணிகத்தில் தற்செயலாக நேர்ந்த குறையல்ல, அதன் முதல் சரக்கே அதுதான்.

அவர் மறுப்பு எழுதட்டும். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அதில் பதில் இருக்கட்டும்: கட்டணம் கட்ட ஆளில்லாத மலைக்கிராமத்தில், பத்துப் பிள்ளைகளுக்காக, எந்த நிறுவனம் நாளைக்குப் பள்ளி திறக்கும்?