மலை மேலேயும் பன்னீர் பட்டர் மசாலாதானா?

மகாபலேஷ்வர்ல மத்தியானம் சாப்பிட உருப்படியா ஒரு இடம் கிடையாதுன்னு புனேவுல இருக்கிற நம்ம தமிழ் மக்கள் ஒரு பத்து பேராவது என்கிட்ட சொல்லியாச்சு. "ரூம் ஓகே, வியூ சூப்பர், சாப்பாடுதான் பாஸ் பகல் கொள்ளை." லோனாவ்லா போனவங்களும் இதையேதான் சொல்றாங்க, மாத்தேரான் போனவங்களும் இதையேதான் சொல்றாங்க. இத்தனை நாள் நானும் "ஆமாம்பா"ன்னு தலையாட்டிட்டு இருந்தேன். இனிமே முடியாது. இடம் இருக்கு மக்களே. அந்த மாதிரி இடங்களை ஒழிச்சுக் கட்டறது யாருன்னு பார்த்தா, முதல் வரிசையில நிக்கிறது இப்படிப் புலம்பறவங்கதான்.

மெயின் பஜார் ரோடுல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரை ஒரு நடை நடந்து போர்டுகளை மட்டும் படிச்சுப் பாருங்க. பஞ்சாபி, சைனீஸ், சவுத் இண்டியன், குஜராத்தி, ஜெயின், பிட்சா. ஊர் இருக்கிறது சாத்தாரா மாவட்டத்துல. பிரதாப்கட் கோட்டை பக்கத்துலயேதான். சுத்துவட்டாரத்துல எந்த கிராமத்துக்குப் போனாலும் மராத்தி தவிர வேற பேச்சு காதுல விழாது. ஆனா போர்டுல மராத்தி சாப்பாடு இருந்தா அதிர்ஷ்டம், அதுவும் கடைசி வரியில, பொடி எழுத்துல.

உள்ள போய் உக்காந்தா பதினாலு பக்கத்துக்கு மெனு. இந்த மெனுவைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். பன்னீர் பட்டர் மசாலா, பன்னீர் மக்கன்வாலா, வெஜ் மாக்கன்வாலா, கடாய் பன்னீர், வெஜ் கோலாப்புரி, மலாய் கோஃப்தான்னு நாற்பது அயிட்டம் இருக்கும். சமையலறையில இருக்கிறது மூணே மூணு அண்டா. தக்காளி போட்ட சிவப்பு கிரேவி ஒண்ணு, வெங்காயம் வதக்கின பழுப்பு கிரேவி ஒண்ணு, முந்திரி அரைச்ச வெள்ளை கிரேவி ஒண்ணு. எந்த அண்டாவுலேர்ந்து எத்தனை கரண்டி, மேல கிரீமா மிளகாய்ப் பொடியா, அவ்வளவுதான் வித்தியாசம். இதுல தப்பு ஒண்ணும் இல்லை, டெல்லியிலேர்ந்து திருச்சி வரைக்கும் ஓட்டல் தொழில் இப்படித்தான் ஓடுது. ஆனா 120 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, பசர்ணி காட்ல வளைஞ்சு வளைஞ்சு ஏறி, பின் சீட்ல பசங்க வாந்தி எடுத்து, 1,300 மீட்டருக்கு மேல வந்து உக்காந்து, ஹிஞ்சேவாடி ஆபீஸ் கேன்டீன்ல புதன்கிழமை போடற அதே சிவப்பு கிரேவியை மூணு மடங்கு விலைக்கு எதுக்கு சாப்பிடணும்? இது என் சின்ன மூளைக்கு எட்டலை.

சரி, அந்த ஊர்க்காரங்க என்னதான் சாப்பிடறாங்க? இங்கதான் நம்மாளுங்க காதைத் தீட்டிக்கணும். அந்த மலைச்சரிவுகள்ல காலங்காலமா விளையறது நாச்ணி. அதாங்க, நம்ம கேழ்வரகு. கீழே வாய் பக்கம் சமவெளிக்கு வந்தா சோளம். நாச்ணி பாக்ரி, கடலை மாவுல கிண்டின பிட்லா, பச்சை மிளகாயும் பூண்டும் சேர்த்து இடிச்ச டேச்சா, கையால உடைச்ச வெங்காயம், ஒரு டம்ளர் மோர். தாராபுரத்துலயோ தர்மபுரியிலயோ களி தின்னு வளர்ந்த ஒருத்தனுக்கு இதைவிடத் தெரிஞ்ச சாப்பாடு மகாராஷ்டிராவுல வேற கிடையாது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுது, அதை முன்மொழிஞ்சதே இந்தியாதான். அதுக்கப்புறம் ஏர்போர்ட்ல ராகி குக்கி, மால்ல ராகி சிப்ஸ், ஆபீஸ் பார்ட்டியில ராகி பிரவுனி. ராகி நிஜமா விளையற மலையில மட்டும் நான், ருமாலி ரொட்டி!

எங்கே கிடைக்கும்னு கேட்டீங்கன்னா, எஸ்டி ஸ்டாண்டு பக்கத்துச் சந்துகள்ல தேடுங்க. மகாராஷ்டிராவுல எந்தச் சின்ன ஊரா இருந்தாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. பஸ் கண்டக்டர், குதிரைக்காரர், ஸ்ட்ராபெரி பெட்டி ஏத்தற ஆளுங்க எல்லாம் மத்தியானம் எங்கேயாவது சாப்பிட்டுத்தானே ஆகணும்? அவங்க யாரும் நானூறு ரூபாய் தாலி சாப்பிடறதில்லை. "கானாவள்"னு போர்டு இருக்கும், இல்லைன்னா "கர்குதி ஜேவண்"னு எழுதியிருக்கும். வீட்டுச் சாப்பாடுன்னு அர்த்தம். நாகரி எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சா போதும். அதுவும் வராதுன்னா, ரைஸ் பிளேட்னு கேளுங்க, யாரா இருந்தாலும் கை காட்டுவாங்க. நாலு மேஜை, சுவத்துல காலண்டர், ஒரு மாவ்ஷி அடுப்புகிட்ட நின்னு பாக்ரி தட்டிட்டு இருப்பாங்க. நான் கடைசியா சாப்பிட்டப்போ ரெண்டு பேருக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய் தாண்டலை. மெனு கார்டு கிடையாது. "ஆஜ் காய் ஆஹே மாவ்ஷி?"ன்னு கேட்கணும், இருக்கிறதைச் சொல்வாங்க. இவ்வளவுதான் மராத்தி தேவை.

இப்படி இருக்கிற இடங்கள் ஏன் வருஷா வருஷம் குறையுது? ஊர்க்காரங்க பக்கத்துலயும் காரணம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அங்கே கொட்டற மழை 5,000 மில்லிமீட்டருக்கு மேல. சென்னைக்கு மூணு நாலு வருஷத்துக்கு வேண்டிய மழை, நாலே மாசத்துல. அப்போ வியாபாரம் படுத்துடும். மிச்ச மாசத்துலதான் வருஷ வாடகையைச் சம்பாதிக்கணும். பஜார்ல ஒரு கடையோட வாடகையைக் கட்டிட்டு நூறு ரூபாய்க்கு ரைஸ் பிளேட் போட முடியாது. அதனால மாவ்ஷி சந்துக்குள்ள போறாங்க, சந்துலயும் வாடகை ஏறினா கடையை மூடறாங்க. இது புரியுது.

எனக்குப் புரியாதது நாம பண்ற வேலை. முதல் விஷயம், பேக்கேஜ். ரூம் புக் பண்ணும்போதே மூணு வேளை சாப்பாட்டையும் சேர்த்துக் கட்டிடறோம். காசு குடுத்தாச்சே, விட மனசு வருமா? ஊர் சுத்திட்டு இருக்கிறவன் ஒரு மணிக்கு எல்லாத்தையும் பாதியில விட்டுட்டு அஞ்சு கிலோமீட்டர் திரும்பி வந்து ரிசார்ட் பஃபேயில வரிசையில நிக்கிறான். ஊருக்குள்ள ஒத்தை ரூபா போகலை. அந்த ஊர் ரோட்டை அடைச்சது நாம, தண்ணியை எடுக்கறது நாம, குப்பையைப் போடறது நாம. சாப்பாட்டுக் காசு மட்டும் காம்பவுண்டு சுவரைத் தாண்டாது.

ரெண்டாவது, டிரைவர்கிட்ட நாம கேக்கற கேள்வி. "நல்ல ஹோட்டலா பாத்து நிறுத்துங்க பாவ்." அவர் எங்கே நிறுத்துவார்? வண்டி கொண்டுவந்தா டிரைவருக்கு இலவச சாப்பாடும் கையில கொஞ்சம் காசும் குடுக்கற இடத்துல நிறுத்துவார். இந்தப் பழக்கம் இந்தியா முழுக்க எல்லா சுற்றுலா ரோட்டுலயும் இருக்கு, ரகசியம் ஒண்ணும் இல்லை. அந்தக் காசு நம்ம பில்லுலேர்ந்துதான் வருது. அவரைத் திட்டறதுல பிரயோஜனம் இல்லை, அவருக்கு இருக்கிற சம்பளத்துக்கு அந்த ஒரு வேளை சாப்பாடு பெரிய விஷயம். ஆனா அவருக்குப் போடறது எங்கே தெரியுமா? பின்பக்கம், பாத்திரம் கழுவற இடத்தை ஒட்டி. நாம ஏசியில உக்காந்து கிரேவியைத் திட்டிட்டு இருக்கும்போது அவர் அங்கே உக்காந்து அவசர அவசரமா முழுங்கிட்டு இருப்பார். கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேளுங்க: "பாவ், உங்க காசுல சாப்பிடறதா இருந்தா நீங்க எங்கே போவீங்க?" நான் கேட்டேன். "சாஹேப், அங்கெல்லாம் மேடம் உக்கார மாட்டாங்க"ன்னார். தங்கமணி உக்காந்தாங்க. மூணாவது பாக்ரி கேட்டு வாங்கினதும் அவங்கதான். டிரைவரும் எங்க மேஜையிலேயே உக்காந்தார்.

மூணாவது விஷயத்தைச் சொன்னா அடிக்க வருவீங்க, ஆனாலும் சொல்றேன். இட்லி. எந்த மலையில ஏறினாலும் நமக்கு இட்லி வேணும், சாம்பார் வேணும், அப்புறம் "சாம்பார் இனிக்குது சார், குஜராத்தி சாம்பார்"னு முகம் சுளிக்கணும். குஜராத்திக்காரங்க தாலி கேக்கறாங்கன்னு கிண்டல் பண்ற நாமளே காசி யாத்திரைக்கு சமையல்காரரையும் புளிக்காய்ச்சலையும் கூட்டிட்டுப் போற பரம்பரை. ஜைனர்கள் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாம கேக்கறது அவங்க நம்பிக்கை, அதை விடுங்க. நமக்கு என்ன நம்பிக்கை தடுக்குது? நாம இட்லி கேக்கறதாலதான் போர்டுல சவுத் இண்டியன் வருது. அது வந்தா வேற ஏதோ ஒரு வரி போகணும், போறது எப்பவும் அந்த ஊர்ச் சாப்பாடுதான். இந்த அநியாயம் நம்ம ஊர்லயும் நடக்குது. ஊட்டி சேரிங் கிராஸ்ல நின்னு ஒரு படகர் வீட்டுச் சாப்பாடு எங்கே கிடைக்கும்னு கேட்டுப் பாருங்க. நார்த் இண்டியன் தாலிக்குக் கை காட்டுவாங்க.

"எல்லாம் சரி சார், சுத்தம்?" இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன். கானாவள்ல காலையில வெச்ச பருப்பு ரெண்டு மணிக்குத் தீர்ந்துடும், தீரலைன்னா அவங்களுக்கு நஷ்டம். பாக்ரி கல்லுலேர்ந்து நேரா தட்டுக்கு வருது. அடுப்பு உங்க கண்ணு முன்னாடியே இருக்கு. பதினாலு பக்க மெனுவுல இருக்கிற நூத்தம்பது அயிட்டமும் இன்னிக்குக் காலையில செஞ்சதுன்னு நீங்க நம்பினா, உங்க நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு. ஃப்ரீசரும் முந்தாநாள் கிரேவியும் இல்லாம அந்த மெனு ஓடவே ஓடாது. வெள்ளைத் துணி போட்ட மேஜையைப் பார்த்து சுத்தம்னு முடிவு பண்றோம், அடுப்பைப் பார்க்கறதே இல்லை. அப்புறம் குழந்தைக்குக் காரம் ஆகாதும்பாங்க. வரன் பாத்னு கேளுங்க. துவரம்பருப்பு, சாதம், மேல ஒரு ஸ்பூன் நெய். நம்ம பருப்பு சாதம்தான், பேருதான் வேற.

இதுல இன்னொரு கூத்து சர்வீஸ் சார்ஜ். தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொல்லியாச்சு, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்ல அது சரிதான்னு சொல்லியாச்சு. போன தடவை ஒரு ரெஸ்டாரண்ட்ல பத்து சதவீதம் போட்டிருந்தாங்க. எடுக்கச் சொன்னேன், எடுத்துட்டாங்க. பக்கத்து மேஜைக்காரர் என்னைக் கஞ்சப் பிசினாறி மாதிரி பார்த்தார். அவரேதான் வெளியே வந்து சோளக்கதிர் சுடற அம்மாகிட்ட பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி பேரம் பேசிட்டு இருந்தார்!

அந்தச் சோளக்கதிர் வண்டிகளைப் பத்தியும் ஒரு வார்த்தை. எந்த மலை ஊர்லயும் "அழகுபடுத்தறோம்"னு ஆரம்பிச்சா முதல்ல தூக்கறது தள்ளுவண்டியைத்தான். 2014-ல வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்துல கணக்கெடுப்பு முடியற வரைக்கும் யாரையும் கிளப்பக் கூடாதுன்னு இருக்கு. இடம் ஒதுக்கற நகர விற்பனைக் குழுவுல நாற்பது சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிகளோட பிரதிநிதிகளே இருக்கணும்னும் இருக்கு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டிகள் போனதும் "ஆஹா, ரோடு நீட்டா ஆயிடுச்சு"ன்னு போட்டோ போடறதும் நாமதான், அடுத்த வாரம் "சும்மா கொறிக்க ஒண்ணும் கிடைக்கலை"ன்னு எழுதறதும் நாமதான்.

அரசாங்கம் ஏதாவது செய்யலாமேன்னு கேப்பீங்க. செஞ்சு பார்த்தாங்க. 1995-ல வந்த சிவசேனா-பாஜக அரசு ஒரு ரூபாய்க்கு ஜுண்கா பாக்கர்னு மாநிலம் முழுக்க கடை போட்டுது. ஜுண்காங்கிறது நம்ம பிட்லாவோட கெட்டியான தம்பி. கொஞ்ச வருஷத்துல திட்டம் படுத்துது, பல கடைகள் வடாபாவும் சைனீஸும் விக்கிற ஸ்டாலா மாறிடுச்சு. அப்புறம் 2020 ஜனவரியில பத்து ரூபாய் சிவ போஜன் தாலி வந்துது. ஏழைக்கு வயிறு நிறைய அதெல்லாம் வேணும், வரவேற்கிறேன். ஆனா பதினெட்டாயிரம் ரூபாய் ரூம் வாடகை குடுத்துட்டு வர்ற நாம மானிய விலைச் சாப்பாட்டை எதிர்பார்க்க முடியாது. நாம செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. பேக்கேஜ்ல மத்தியானச் சாப்பாட்டை வெட்டிட்டு, அந்தக் காசுல கால்வாசியைச் சந்துக்குள்ள போய்க் குடுக்கணும்.

இந்தச் சனிக்கிழமை போறவங்க ஒரு மணிக்கு முன்னாடியே உக்காந்துடுங்க. நாச்ணி பாக்ரி எப்பவும் இருக்காது, போனதும் முதல்ல அதைக் கேளுங்க, தட்டிக் கொடுக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். டேச்சாவை நம்ம தேங்காய்ச் சட்னி மாதிரி அள்ளிப் போட்டுக்காதீங்க. ரெண்டு மணிக்கு மேல போனா மாவ்ஷி அடுப்பை அணைச்சிருப்பாங்க, மறுபடி பஜாருக்கு வந்து சிவப்பு கிரேவிதான்.