குதிரையின் குதிகால்

குதிரையின் பின்னங்காலில், நடுவே பின்னோக்கித் துருத்தி நிற்கும் மூட்டை முழங்கால் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் அது கணுக்காலாகும். துருத்தி நிற்கும் எலும்பு நமது குதிகாலுக்கு நிகரானது. சவாரிக் குதிரைகளை மூட்டுவாதம் அடிக்கடி பற்றுமிடங்களுள் இதுவும் ஒன்று.

தொடக்கத்தில் நொண்டுதல் தெளிவாகத் தோன்றாது. புறப்படும்போது விறைப்பு, எட்டுவைப்பிற் குறுக்கம், பழகிய தடையைத் தாண்டத் தயக்கம் – வாயில்லாச் சீவன் தன் வலியை உரைக்கும் முறை இதுவே. இதனைப் பிடிவாதமென்று கருதிச் சவுக்கை எடுப்போரும் உளர். என்னே பேதைமை!

வேறு சிலர், இரக்கத்தினால் இலாயத்திலேயே கட்டிவைப்பர். அதுவும் நன்றன்று; அசையாத மூட்டு மேலும் விறைக்கும். மிருக வைத்தியர் எக்ஸ்கதிர்ப் படம் பார்த்து, வலி தணிக்கும் மருந்தோ மூட்டினுள் ஊசியோ கொடுப்பார். இலாடத்தையும் திருத்தச் சொல்வார். பின்னர் சமதரையில், நேர்வழியில், மெதுநடை. அது வலியின்றி அமைந்த பின்பே மெல்லோட்டம். வட்டமிடுதலும் தடை தாண்டுதலும் இறுதியிலேயே.

நோய் பெரும்பாலும் பற்றுவது, இயல்பாகவே மிகச் சிறிது அசையும் கீழ் மூட்டுகள் இரண்டையுமாம். அவற்றின் எலும்புகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று பொருந்திவிடின் வலி நீங்குவதுண்டு. நடையும் பெரிதாகக் குன்றாது. ஆயினும் எல்லாக் குதிரைகளுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. பழைய வேகம் திரும்பாதவிடத்து இலகுவான சவாரியோடு நாம் அமைதல் வேண்டும்.

எவ்வளவு உழைக்கலாம் என்பதைக் குதிரையின் நடை கூறட்டும். நமது ஆசை கூறவேண்டாம்.